புறநோயாளியும் தோன்றா எழுவாயும்

2017 ஜூலையில் தொடங்கி 2018 ஜூன் வரை, தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் களப்பணியாளர்கள் இந்தியா முழுவதும் 1,13,823 வீடுகளுக்குப் போனார்கள். 5,55,115 பேரைப் பற்றிய விவரங்களோடு திரும்பினார்கள். 75ஆவது சுற்று எனப்படும் அந்தக் கணக்கெடுப்பின் பொருள் நலவாழ்வு. கடந்த 15 நாட்களில் வீட்டில் யாருக்கு என்ன நோய், மருத்துவரிடம் போனார்களா, எங்கே போனார்கள், எவ்வளவு செலவானது, போகவில்லை என்றால் ஏன் என்று கேட்டார்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றி மட்டும் 365 நாட்களுக்கான விவரத்தைக் கேட்டார்கள். இந்த நாட்டின் புறநோயாளிகளைப் பற்றி ஆய்வாளர்களும் பத்திரிகைகளும் எடுத்தாளும் எண்களில் பல இந்தக் கேள்விகளிலிருந்து பிறந்தவை.

நான் தமிழ் கற்பிப்பவள். எண்களைக் கூட்டிக் கழித்துச் சரிபார்ப்பது என் தொழில் இல்லை. ஆனால் வினாப்படிவமும் ஒரு பிரதிதான். அதிலும் ஒருவர் பேசுகிறார், ஒருவர் கேட்கிறார், ஒருவர் எழுதிக்கொள்கிறார். அகப்பாடலைக் கையில் எடுத்தவுடன் இது யார் கூற்று, யாரிடம் சொன்னது, சொல்லாமல் விட்டது எது என்று கேட்கப் பழகியிருக்கிறோம். அதே கேள்விகளைப் புறநோயாளிக் கணக்கின் முன்னும் வைக்கலாம். வைத்துப் பார்க்கும்போது, அந்தக் கணக்கில் பெண் எங்கே இருக்கிறாள், எங்கே காணாமல்போகிறாள் என்பது கொஞ்சம் தெளிகிறது.

முதலில் எண்கள். 75ஆவது சுற்றில், கடந்த 15 நாட்களில் நோயுற்றதாகச் சொல்லப்பட்டவர்கள் நூற்றுக்கு 7.5 பேர். கிராமத்தில் 6.8, நகரத்தில் 9.1. ஆண்களில் 6.7, பெண்களில் 8.3. கிராமத்துப் பெண்களில் 7.6 என்றால் நகரத்துப் பெண்களில் 10.0. சிகிச்சை பெற்ற நோய்களில் 30.1 விழுக்காடு அரசு மருத்துவமனைகளுக்கும், 42.5 விழுக்காடு தனியார் மருத்துவர்களுக்கும் கிளினிக்குகளுக்கும், 23.3 விழுக்காடு தனியார் மருத்துவமனைகளுக்கும் போயிருக்கின்றன.

இந்த வரிசையைப் பார்த்தவுடன் ஒரு வாதம் எழும். ஆணைவிடப் பெண்தானே கூடுதலாக நோயைச் சொல்லியிருக்கிறாள்? அப்படியானால் பெண்ணின் நோய் மறைக்கப்படுகிறது என்ற பேச்சுக்கு இடமேது? மேடைகளில் இந்தக் கேள்வியை நானும் எதிர்கொண்டிருக்கிறேன். இதற்கு விடை தேட வேண்டுமானால், 8.3 என்பது எதை அளக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நகரத்துப் பெண் கிராமத்துப் பெண்ணைவிடக் கூடுதலாக நோயுறுகிறாள் என்று 10.0 என்ற எண் சொல்கிறதா? நாற்று நட்டு, கரும்புக்குச் சோலை உரித்து, நூறு நாள் வேலைக்கும் போய்வரும் உடம்பு நகரத்து உடம்பைவிட நலமாக இருக்கிறதா? இதே கணக்கெடுப்பில் நோயைச் சொல்பவர்களின் விழுக்காடு நாட்டிலேயே மிக அதிகமாக இருப்பது கேரளத்தில். நீண்ட ஆயுள் உடைய மாநிலங்களின் வரிசையில் முன்னால் நிற்பதும் அதே கேரளம்தான். படிப்பும் மருத்துவ வசதியும் கூடும் இடத்தில் மக்கள் தங்கள் நோயை அதிகம் அறிகிறார்கள், அதிகம் சொல்கிறார்கள் என்று அமர்த்தியா சென் இதை விளக்கியிருக்கிறார். ஆக, இந்த எண் உடம்பில் இருக்கும் நோயை மட்டும் அளக்கவில்லை. வாய்க்கு வந்த நோயை அளக்கிறது. பேசத் தெரிந்தவர், பேச இடம் கிடைத்தவர், பேசினால் பயன் உண்டு என்று நம்புபவர் கூடுதலாக நோயாளியாகிறார்.

சென் எடுத்துக்காட்டும் இன்னொரு கணக்கு இதைவிடக் கூர்மையானது. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் அகில இந்திய சுகாதார, பொதுநல நிறுவனம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் நோயுற்றிருப்பதாகவோ உடம்பு அவ்வளவு சுகமில்லை என்றோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. ‘அவ்வளவு சுகமில்லை’ என்ற பிரிவை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஆண்களில் 45.6 விழுக்காடு, பெண்களில் ஒருவர்கூட இல்லை. அன்றைய வங்கத்தில் கைம்பெண் எப்படி வாழ்ந்தாள், ஒரு நாளில் எத்தனை வேளை சாப்பிட்டாள் என்பது நமக்குத் தெரியும். பஞ்சத்தைக் கடந்து வந்த அந்தப் பெண்கள் அனைவரும் திடமாக இருந்தார்கள் என்று எந்த மருத்துவரும் நம்பமாட்டார். ‘சுகமில்லை’ என்று சொல்வதற்கு, சுகம் என்ற ஒன்று தனக்கு உரியது என்ற நினைப்பு முதலில் வேண்டும். அந்த நினைப்பே இல்லாதவளிடம் கேட்டுப் பெற்ற சுழியத்தைக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம்.

சிங்கூரிலிருந்து 75ஆவது சுற்றுக்கு வரும் முக்கால் நூற்றாண்டில் நிலைமை மாறியிருக்கிறது. இன்று பெண் சொல்கிறாள். 8.3 என்பது அந்த மாற்றத்தின் அடையாளம், அதைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் வீட்டு வாசலில் சொல்வதற்கும் மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்குவதற்கும் இடையே ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் என்ன நடக்கிறது என்பதை இன்னொரு கணக்கு காட்டுகிறது.

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2016ஆம் ஆண்டின் புறநோயாளிப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. தில்லி, ஹரியானா, உத்தரப்பிரதேசம், பீகார் ஆகிய இடங்களிலிருந்து வந்த 23,77,028 பேரின் பதிவுகள் அவை. ஒரு பெண்ணின் வருகைக்கு ஆணின் வருகை 1.69 என்ற அளவில் இருந்தது. தில்லியிலிருந்து வந்தவர்களிடையே இது 1.41. ஹரியானாவுக்கு 1.70, உத்தரப்பிரதேசத்துக்கு 1.98, பீகாருக்கு 2.37. ஊர் தள்ளிப்போகப் போகப் பெண்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். மக்கள்தொகையின் ஆண்-பெண் விகிதத்தோடு ஒப்பிட்டால் அந்த ஓராண்டில் வந்திருக்க வேண்டிய 4,02,722 பெண் வருகைகள் வராமல்போயின என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சிறுமிகளிடமும் முதிய பெண்களிடமும் இந்த இடைவெளி பெரிதாக இருந்தது. பிள்ளை பெறும் வயதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவர்கள்தான் அதிகம் விடுபட்டிருக்கிறார்கள்.

இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வாசலில் கேட்டால் பெண் ஆணைவிடக் கூடுதலாக நோயைச் சொல்கிறாள். தொலைவில் உள்ள பெரிய மருத்துவமனையின் வரிசையில் அவள் குறைவாக நிற்கிறாள். ஒன்று பொய், மற்றது மெய் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைத்தான் நாம் படிக்க வேண்டும்.

தூரம் என்றதும் எனக்குக் கண்டமங்கலம் நினைவுக்கு வருவது இயல்பு. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே, அந்தச் சாலையில் உள்ள ஊர். அரை மணி பேருந்தில் போனால் இரண்டு அரசாங்கங்களைக் கடக்க வேண்டும். மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு. பெரிய மருத்துவம் என்றால் இரண்டு வழி. மேற்கே போனால் விழுப்புரத்தில் இறங்கி, பேருந்து மாறி, சென்னைச் சாலையில் முண்டியம்பாக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கிழக்கே போனால் புதுச்சேரியில் இறங்கி, மறுபடி பேருந்து ஏறி, கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர். வரைபடத்தில் இரண்டும் பக்கம்தான். பீகாரிலிருந்து தில்லிக்குப் போகும் தொலைவோடு ஒப்பிட்டால் இது தொலைவே இல்லை.

ஆனால் பெண்ணின் தூரம் கிலோமீட்டரில் இல்லை. காலையில் சோறு ஆக்கி, பிள்ளையை அனுப்பி, மாட்டுக்குத் தண்ணி காட்டி, ஏழு மணிக்குள் பேருந்து பிடித்தால்தான் வரிசையில் முன்னால் நிற்க முடியும். மாலையில் பால் கறக்கும் நேரத்துக்குத் திரும்ப வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு நாளைக்கு வா என்றால் அந்த நாளைக்கும் ஒரு கூலி போகும். 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இது சிறிய உதவி இல்லை. சுருக்குப்பையில் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் பேருந்து ஏற முடிகிறது என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் பேருந்து இலவசமானாலும் நாள் இலவசமாகவில்லை. துணைக்கு யார் வருவது என்ற கேள்வியும் தீரவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கும் அரசுக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, பெண்ணிடமே நேராகக் கேட்கிறது: உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் மருத்துவம் பார்க்க வேண்டுமென்றால் எது பெரிய சிக்கல்? போக அனுமதி வாங்குவதா? பணமா? தொலைவா? வண்டி ஏறிப் போவதா? துணைக்கு ஆள் கிடைப்பதா? பெண் மருத்துவர் இல்லாமல் இருப்பதா? மருத்துவரே இல்லாமல் போவதா? மருந்து இல்லாமல் போவதா? ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்கிறது. இது நல்ல வினாவரிசை. பெண்ணின் வழியில் கிடக்கும் கற்களைப் பெயர் சொல்லி அழைக்கிறது.

ஆனால் அந்தப் பகுதி 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களுக்கு மட்டும் உரியது. ஐம்பது வயதானவளிடம் அனுமதியைப் பற்றியும் துணையைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை. எய்ம்ஸ் வரிசையில் காணாமல்போன முதிய பெண் இங்கேயும் காணாமல்போகிறாள். இந்தக் கணக்கெடுப்பு பிள்ளைப்பேற்றை மையமாக வைத்துப் பிறந்தது என்பதை வயது வரம்பே காட்டிக்கொடுக்கிறது. கருப்பை வேலை செய்யும் காலம்வரை பெண்ணின் தடைகள் அரசுக்கு முக்கியம். அதற்குப் பிறகு அவள் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாடு இதற்குத் தெளிவான சான்று. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. கருவுற்றவளுக்கு எண் கொடுக்கிறார்கள், ரத்தம் பார்க்கிறார்கள், செவிலியர் வீடு தேடி வந்து விசாரிக்கிறார். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உதவித்தொகையும் உண்டு. பல தலைமுறைப் பெண்கள் பிரசவத்தில் இறந்த மண்ணில் இது பெரிய சாதனை. ஒவ்வொரு பெண்ணையும் தேடிக் கண்டுபிடிக்க முடியும் என்பதை இந்த அரசு இயந்திரம் நிரூபித்துவிட்டது. அப்படி நிரூபித்த பிறகு, அதே பெண் நாற்பத்தைந்து வயதில் இடுப்பு வலியோடு எங்கே போனாள் என்று தெரியவில்லை என்றால், அதை இயலாமை என்று ஏற்க முடியாது.

இனி வினாப்படிவத்தின் மொழிக்கு வருகிறேன். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் வரையறையில் நோய் என்பது உடலும் மனமும் நல்ல நிலையிலிருந்து விலகுவது. விரிந்த வரையறைதான். ஆனால் விலக்குகளும் உண்டு. இயல்பான கருவுறுதலும் பிரசவமும் நோய் இல்லை. இதில் நியாயம் இருக்கிறது. பிரசவத்தை நோயாக்காதீர்கள் என்று பெண்ணியமும்தான் கேட்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையும், காப்பர்-டி பொருத்துவதும், கருக்கலைப்பும்கூட நோய்க்கணக்கில் சேராது. தமிழ்நாட்டில் திருமணமான 15-49 வயதுப் பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் என்கிறது 2019-21 கணக்கெடுப்பு. பாதிக்கும் மேற்பட்ட பெண்களின் வயிற்றில் கத்தி பட்டிருக்கிறது. ‘ஆப்பரேசன் பண்ணதுலேர்ந்து இடுப்பு விட்டுப்போச்சு’ என்ற வாக்கியத்தைக் கேட்காத தெரு எங்கள் பகுதியில் இல்லை. அந்த வலிக்கு அறுவைதான் காரணமா, இரத்தசோகையா, ஓயாத வேலையா என்று மருத்துவர் சொல்ல வேண்டும். ஆனால் பதினைந்து ஆண்டாக இருக்கும் வலி ‘கடந்த 15 நாட்களில் என்ன நோய்’ என்ற கேள்விக்கு விடையாக அவளுக்கே தோன்றுவதில்லை. அது நோயாக இருந்த காலம் போய்விட்டது. இப்போது அது இடுப்பு.

1989இல் லான்செட் இதழில் ராணி பங், அபய் பங் இருவரும் மற்ற ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் இரண்டு கிராமங்களில் 650 பெண்களை மருத்துவப் பரிசோதனை செய்தார்கள். 92 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு மகளிர் நோய் இருந்தது. தங்களுக்குத் தொந்தரவு உண்டு என்று சொன்னவர்கள் 55 விழுக்காடு. அதற்குமுன் எப்போதாவது அதற்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காடு. 92, 55, 8. உடம்பில் இருந்தது, வாயில் வந்தது, மருத்துவரை எட்டியது. பெண்ணின் புறநோயாளிக் கணக்கைப் படிக்க இந்த மூன்று எண்களைவிடச் சிறந்த பாடத்தை நான் கண்டதில்லை.

வினாப்படிவத்தில் இன்னொரு இடம். நோயால் முடங்கிய நாட்களைக் கணக்கிட, ‘செயல் குறைந்த நாட்கள்’ என்று ஒரு பத்தி உண்டு. வேலைக்குப் போகிறவருக்கு இதன் பொருள் வேலைக்குப் போகாமல் இருப்பது. மாணவருக்கு வகுப்புக்குப் போகாமல் இருப்பது. இல்லத்தரசிக்கு? அன்றைய வீட்டு வேலையைக் குறைத்துக்கொள்வது. வரையறை எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு வீடு எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருக்கிறது. அவர்களுக்கு ‘விடுப்பு’. இவளுக்கு ‘குறைத்தல்’. வீட்டு வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது என்ற உண்மையை, கண்டிக்கவும் இல்லாமல் கவனிக்கவும் இல்லாமல், ஓர் அரசுக் குறிப்பு அப்படியே பதிவுசெய்துவிட்டது. காய்ச்சலோடு குழம்பு வைத்து, தொட்டுக்கொள்ளப் பொரியல் செய்யாமல் விட்டால் அது செயல் குறைந்த நாள். பொரியலும் செய்துவிட்டால் அவள் நலமாக இருந்த நாள்.

செலவுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ‘குடும்ப வருமானம் அல்லது சேமிப்பு’ என்று ஒரு விடை இருக்கிறது. யாருடைய சேமிப்பு? அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் அவள் சேர்த்த சிறுவாட்டுப் பணமும் அதில்தான் கரைகிறது. மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தவருக்கானவை. கிளினிக்கில் கொடுக்கும் இருநூறு, முந்நூறு ரூபாய் கைக்காசு. அந்தக் கைக்காசு யாருக்காக முதலில் வெளியே வரும் என்பதில் ஒரு வீட்டின் அரசியல் முழுவதும் இருக்கிறது.

இப்போது என்னை அதிகம் யோசிக்கவைத்த இடம். நோய் இருந்தும் மருத்துவரிடம் போகாதவர்களிடம் காரணம் கேட்டு, விடையைக் குறியீட்டு எண்ணாக எழுதிக்கொள்கிறார்கள். வசதி அருகில் இல்லை, பணமில்லை என்பவற்றோடு ஒரு காரணம்: நோய் பெரிதாகக் கருதப்படவில்லை. செயப்பாட்டு வினை. நோய் எழுவாயின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. கருதியவர் வாக்கியத்திலேயே இல்லை.

தமிழில் களப்பணியாளருக்குக் கிடைக்கும் விடை இதைவிட நுட்பமானது: ‘பெருசா எடுத்துக்கல.’ தமிழின் எதிர்மறை வினையைப் பாருங்கள். எடுத்துக்கொண்டேன், எடுத்துக்கொண்டாள், எடுத்துக்கொண்டார் என்று உடன்பாட்டில் விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். எடுத்துக்கொள்ளவில்லை என்பதில் திணை, பால், எண், இடம் எதுவும் தெரியாது. நான் எடுத்துக்கொள்ளவில்லையா, அவர் எடுத்துக்கொள்ளவில்லையா, மாமியார் எடுத்துக்கொள்ளவில்லையா? மூன்றுக்கும் ஒரே வடிவம். இலக்கண வகுப்பில் இதைத் தோன்றா எழுவாய் என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். கணக்கெடுப்பில் அது ஒரு குறியீட்டு எண்ணாகி, பிறகு ஒரு விழுக்காடாகி, ‘மக்கள் சிறு நோய்களுக்கு மருத்துவரிடம் போவதில்லை’ என்ற முடிவாகிறது. முடிவெடுத்தவர் வாக்கியத்திலிருந்து மறைந்ததுபோலவே பொறுப்பிலிருந்தும் மறைந்துவிடுகிறார்.

யார் விடை சொன்னார்கள் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. வீட்டுக் கணக்கெடுப்பு எதுவானாலும், அந்த நேரத்தில் வீட்டில் இல்லாதவருக்காக இருப்பவர் பதில் சொல்வது நடக்கும். குறிஞ்சித் திணையின் வெறியாட்டுத் துறையை மாணவிகளுக்கு நடத்தும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. மகள் மெலிகிறாள், மேனி பசக்கிறது. தாய் கவலைப்பட்டு வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு இட்டுப் பார்த்து முருகன் செயல் என்கிறான். ஆடு பலியாகிறது. மகளிடம் யாரும் கேட்பதில்லை. கடைசியில் தோழி அறத்தொடு நின்றால்தான் உண்மை வெளியே வரும். தோழிக்கு உண்மை தெரியும், அதனால் அவள் தலைவிக்காகப் பேசலாம். வெள்ளைப்படுவதைப் பற்றியோ, சிரித்தால் சிறுநீர் கசிவதைப் பற்றியோ, தூக்கம் வராத இரவுகளைப் பற்றியோ கணவனுக்கோ மகனுக்கோ தெரியுமா? தெரிந்தாலும் கிளிப்போர்டோடு நிற்கும் அந்நிய ஆணிடம் சொல்வார்களா?

சொல் கிடைக்காமல் போவதும் ஒரு தடை. நாட்டார் வழக்காற்றியல் பாடத்துக்காக, வீட்டுப் பெண்கள் நோயைச் சொல்லும் சொற்களைச் சேகரித்து வரச் சொன்னேன். கண்டமங்கலம் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வரும் மாணவிகள் கொண்டுவந்தவை: கைகால் ஒளைச்சல், மேலெல்லாம் அசதி, அடிவயிறு இழுக்குது, கீழ தள்ளுது, படபடப்பு, நெஞ்சு அடைக்குது, ஒண்ணுமில்ல சும்மா முடியல. இவற்றில் ‘கீழ தள்ளுது’ என்பது கருப்பை இறக்கமாக இருக்கலாம். மருத்துவருக்கு அவசரமான தகவல். ‘சும்மா முடியல’ என்பது இரத்தசோகையாகவோ தைராய்டாகவோ மனச்சோர்வாகவோ இருக்கலாம். வினாப்படிவத்தின் நோய்ப்பட்டியலில் இந்தச் சொற்களுக்கு நேரான கட்டம் கிடையாது. ‘சும்மா’ என்ற சொல்லை எந்தக் குறியீட்டு எண்ணுக்குள் போடுவது?

அமெரிக்காவில் 1973இல் தொடங்கி, மருத்துவர்களின் அறைக்கு வரும் புறநோயாளிகளைப் பற்றிய தேசியக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு வாசலில் கேட்காமல் மருத்துவரின் பதிவுகளிலிருந்து எடுக்கும் கணக்கு. அதன் படிவத்தில் ஆண்டுக்கணக்காக ஒரு குறிப்பு இருந்தது: வந்த காரணத்தை நோயாளியின் சொந்தச் சொற்களிலேயே எழுதுக. மருத்துவர் கண்டறிந்த நோய் வேறு பத்தியில். நோயாளி சொன்னதும் மருத்துவர் சொன்னதும் இரண்டு தனி உண்மைகளாக நிற்கின்றன. அந்தக் கணக்கிலும் மருத்துவரின் அறையை எட்டாதவள் இல்லை. எழுதுவது மருத்துவரோ அவருடைய பணியாளரோதான். ஆனாலும் சொந்தச் சொல்லுக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம் என்ற எண்ணம் நமக்குத் தேவைப்படுவது. நம் ஊர் ஓ.பி. சீட்டில் அவள் சொன்ன சொல்லுக்கு அரை வரிகூட இருப்பதில்லை.

‘புறநோயாளி’ என்ற சொல்லையே பாருங்கள். படுக்கையில் சேராமல், வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறவர். தமிழ் படித்தவளுக்குப் புறம் என்றதும் அகம் நினைவுக்கு வராமல் இருக்காது. அகத்தில் தலைவன், தலைவியின் பெயர் சொல்லக்கூடாது என்பது மரபு. கணக்கெடுப்பிலும் பெயர் வெளியே வராது, அது சரியான பாதுகாப்பு. ஆனால் பெயரில்லாத தலைவிக்கு அகப்பாடல் கூற்றைக் கொடுத்தது. கணக்கெடுப்பு பெயரையும் எடுத்துக்கொண்டு கூற்றையும் எடுத்துக்கொண்டது. அகத்திலேயே நோயாளியாக இருந்து, புறத்துக்கு வராமலே முடிந்துபோகிறவளை எந்தப் பெயரால் அழைப்பது?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்தத் திசையில் ஓர் அடி. சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவருபவர் அதே பகுதியைச் சேர்ந்த ஒரு பெண் தன்னார்வலர். முதிய பெண்ணின் ஒரு நாள் கூலியும் ஒரு பேருந்துப் பயணமும் மிச்சம். வாசலுக்கு வரும் அந்தப் பெண்ணிடம் ‘கீழ தள்ளுது’ என்ற சொல்லை அவள் சொல்லக்கூடும். சொன்னால் எழுதிக்கொள்ள ஒரு கட்டம் இருக்க வேண்டும், எழுதியது போய்ச் சேர ஒரு மருத்துவர் இருக்க வேண்டும்.

கணக்கெடுப்பை எதிர்ப்பதற்காக நான் இதை எழுதவில்லை. எண் இல்லாவிட்டால் நம் பேச்சு புலம்பல் என்று தள்ளப்படும். 4,02,722 என்று ஓர் எண் கிடைத்த பிறகுதான் வராத பெண்களைப் பற்றி மருத்துவ உலகம் பேசியது. நான் கேட்பது இன்னும் நல்ல கணக்கு. பெண்ணின் நோயைப் பெண்ணிடமே, தனியாக, முடிந்தால் ஒரு பெண்ணே கேட்கட்டும். அவள் சொன்ன சொல்லைக் குறியீட்டு எண்ணாக்கும் முன் ஒருமுறை அப்படியே எழுதட்டும். அனுமதி, துணை, தூரம் பற்றிய கேள்விகள் 49 வயதோடு நிற்காமல் தொடரட்டும். சிறுமிக்கு மருத்துவம் பார்க்கவில்லை என்றால் அதே வீட்டுச் சிறுவனுக்குப் பார்த்தார்களா என்று சேர்த்துக் கேட்கட்டும்.

2025 ஜனவரியில் 80ஆவது சுற்று நலவாழ்வுக் கணக்கெடுப்பு தொடங்கியது. அதன் அட்டவணைகளைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு விழுக்காட்டின் பக்கத்திலும் கூற்று எழுதிப் பாருங்கள்: இது யார் சொன்னது, யாருக்காகச் சொன்னது, யார் இல்லாதபோது சொன்னது. உங்களில் சிலர் நாளை அந்தப் படிவத்தோடு ஏதோ ஒரு வாசலில் நிற்கவும் கூடும். அப்போது ‘பெருசா எடுத்துக்கல’ என்று விடை வந்தால், எண்ணை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவாமல் ஒரு சொல் கூடுதலாகக் கேளுங்கள்: யாரு?